ஒச்சம்மாளுக்கு லாட்டரி விழுந்தது

"பணம் விழுந்த நாளிலேருந்து எல்லாரும் ஒரே கேள்வியத்தான் கேக்குறாக, சாமியம்மா" என்றாள் ஒச்சம்மாள்.

"என்ன கேள்வி?"

"இம்புட்டுப் பணத்தையும் வச்சு என்னா செய்யப் போறேன்னு."

"நீங்க என்ன சொல்றீங்க?"

"சிரிச்சுக்கிட்டே காப்பி போட்டுக் குடுக்குறேன்."

சாமியம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். அழுகின ஒரு தண்டைக் கிள்ளி எறிந்தார்.

"அதுல என்ன குறை?"

ஒச்சம்மாள் கழுத்தைத் தொட்டுக் காட்டினாள்.

"இங்கன என்னமோ நிக்குது. முழுங்கவும் முடியல, துப்பவும் முடியல."

மலையடிவாரத்தில் வாய்க்காலை ஒட்டி ஓடு வேய்ந்த ஒரு கூடம். அதைத்தான் ஊரில் மடம் என்பார்கள். மதியம் யார் வந்தாலும் சோறு உண்டு. சாமியம்மா எந்த ஊர், முன்பு என்ன செய்துகொண்டிருந்தார் என்று யாருக்கும் தெரியாது. கேட்டால், "இன்னைக்கு என்ன கொழம்புன்னு கேளுங்க, சொல்றேன்" என்பார்.

அவருக்கு நாற்பது வயதிருக்கும். ஒச்சம்மாளுக்கு ஐம்பது தாண்டிவிட்டது. அதனால் குருதான் சிஷ்யையை அக்கா என்று கூப்பிடுவார்.

அமாவாசைதோறும் ஒச்சம்மாள் மடத்துக்கு வருவாள். கூடத்தைப் பெருக்குவாள். அரிசி களைவாள். பந்தி முடிந்ததும் அண்டாவைத் தேய்த்துக் கவிழ்ப்பாள். பிறகு சாமியம்மாவின் எதிரே கொஞ்ச நேரம் கண்ணை மூடி உட்கார்ந்துவிட்டுப் போவாள். மற்றவர்கள் பிறவி என்றும் கர்மம் என்றும் கேட்பார்கள். அவள் இத்தனை வருஷத்தில் ஒன்றும் கேட்டதில்லை.

அமாவாசை அல்லாத நாட்களில் அவள் ஏலத்தோட்டத்துக்குப் போனாள். கம்பத்துப் பக்கமிருந்து பெண்களை ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் மலையேறும். சாயங்காலம் திரும்பும்போது கேரள எல்லையிலிருக்கும் குமுளியில் டீக்கடை ஓரம் நிற்கும். மற்றவர்கள் டீ குடிப்பார்கள். ஒச்சம்மாள் வாரத்துக்கு ஒரு நாள் டீயை விட்டுவிட்டு, எதிர்ப்புறம் நின்று லாட்டரி விற்பவரிடம் ஒரு டிக்கெட் வாங்கி இடுப்பில் சொருகிக்கொள்வாள்.

ஒரு வாரம் அது விழுந்தது. முதல் பரிசு. விற்றவரே பைக்கில் ஊர் தேடி வந்து சொன்னார். அவள் அப்போது தெருக்குழாயில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தாள். குடம் நிறையும் வரை நின்று, மூடிவிட்டு, பிறகுதான் அவரிடம் வந்தாள்.

வரியும் கமிஷனும் போக மிச்சம் அவள் பெயரில் பேங்குக்கு வந்தது. அதுவே தெரு மொத்தமும் ஆயுசு பூராவும் பார்க்காத பணம்.

சாமியம்மா கீரையை முறத்தில் ஒதுக்கிவிட்டு நிமிர்ந்தார்.

"அக்கா, டிக்கெட்டை எதுக்கு வாங்குனீங்க?"

ஒச்சம்மாள் சிரித்தாள்.

"விழுகும்னுதான்."

"விழுந்தா?"

"எம் மக செல்வராணி திருப்பூர்ல ஒரே ரூம்புல ரெண்டு புள்ளைகளோட கெடக்கா. அவளுக்கு ஒரு வீடு வாங்கிக் குடுக்கணும்னுதான்."

"வாங்கியாச்சா?"

"போன வாரம்தான் பால் காய்ச்சுனோம்."

"தொண்டையில நின்னது எறங்கிருச்சா?"

ஒச்சம்மாள் எச்சிலை விழுங்கிப் பார்த்தாள்.

"இல்ல."

"அப்ப அது இல்ல. வேற எதுக்கோ வாங்கியிருக்கீங்க. யோசிச்சுட்டு வாங்க."

ஒச்சம்மாள் எழுந்தாள். பழக்க தோஷத்தில் மூலையிலிருந்த விளக்குமாற்றை எடுத்தாள். சாமியம்மா வந்து அதை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

"நான் பெருக்கிக்கிறேன்" என்றார்.

வீட்டில் ஆள் குறையவில்லை. போடியிலிருந்து ஒரு தூரத்துச் சொந்தக்காரர் வந்தார். ஒரு கல்யாணத்தில் பார்த்தது, அப்புறம் எட்டிக்கூடப் பார்க்காதவர். காலையில் வந்து உட்கார்ந்தவர் பொழுது சாயும் வரை, சென்னையில் எந்தப் பக்கம் ஃப்ளாட் வாங்கினால் வாடகை நன்றாக வரும் என்று சொல்லிக்கொண்டிருந்தார். கோயில் கமிட்டியார் முன்வாசலுக்கு மண்டபம் கட்ட வேண்டும் என்றார்கள். பக்கத்து வீட்டுக்காரர், தனக்கு விழுந்திருந்தால் காசிக்கும் ராமேஸ்வரத்துக்கும் விமானத்திலேயே போய் வந்திருப்பேன் என்றார். ராமேஸ்வரத்துக்கு விமானம் போகாது என்று மகன் பாண்டீஸ்வரன் சொன்னான். பணம் இருந்தால் போகும் என்றார் அவர்.

பாண்டீஸ்வரன் பஸ் ஸ்டாண்டு அருகே செல்போன் கடைக்கு இடம் பார்த்து வைத்திருந்தான். அவள் சரி என்றாள்.

கணவர் சீனிச்சாமி ஒரு திராட்சைத் தோட்டத்தில் கூலிக்கு இருந்தார். கல்யாணம் ஆன வருஷத்திலிருந்து அங்கேதான் வேலை. கொடி நட்டது அவர், பந்தல் போட்டது அவர், வருஷா வருஷம் கவாத்து வெட்டியதும் அவர். தோட்டக்காரர் அதை விற்கப் போவதாகச் சொன்னதும் மூன்று நாள் யாரிடமும் பேசாமல் இருந்து, பிறகு மனைவியிடம் தரையைப் பார்த்தபடி கேட்டார்.

"ஒன் பணந்தான். நீ சொன்னாத்தான்."

அவள் அதற்கும் சரி என்றாள். மனசோடுதான் சொன்னாள்.

அடுத்த அமாவாசைக்கு மடத்துக்குப் போனாள்.

"யோசிச்சேன் சாமியம்மா. மரியாதைக்குத்தான் வாங்குனேன் போலருக்கு. ஜீப்புல ஏறுனா 'ஏய்'ம்பான் டிரைவரு. தோட்டத்துல கங்காணியும் 'ஏய்'ம்பாரு. மனுசியா நாலு பேரு மதிக்கணும்னு ஆச இருந்திருக்கும்ல?"

"இப்ப மதிக்கிறாங்களா?"

"பேங்கு மேனேஜரு எந்திரிச்சு நின்னு சேரு போடுறாரு. தெருவுல பேரு சொல்லிக் கூப்புட ஆளில்ல. எல்லாருக்கும் 'அம்மா'தான்."

"நல்லா இருக்கா?"

"நல்லாத்தான் இருக்கு."

"எறங்குச்சா?"

ஒச்சம்மாள் கழுத்தைத் தடவினாள்.

"அப்பிடியேதான் நிக்குது."

"அப்ப அதுவும் இல்ல."

ஒச்சம்மாளுக்கு லேசாகக் கோபம் வந்தது.

"உங்களுக்குத் தெரியும்னா சொல்லிறலாம்ல?"

"எனக்கு எப்படித் தெரியும்? டிக்கெட்டு வாங்குனது நீங்க."

அவள் போய் அண்டாவைப் பிடித்தாள். சாமியம்மா அதையும் பிடுங்கி, தானே தேய்க்க உட்கார்ந்தார். சும்மா நிற்கத் தெரியாமல் ஒச்சம்மாள் கொஞ்ச நேரம் நின்றாள். கைகளை எங்கே வைப்பது என்று விளங்கவில்லை. புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

அந்த வாரக் கடைசியில் ஜீப்பில் கூட வந்துகொண்டிருந்த வீரக்காள் பார்க்க வந்தாள். அவள் எதுவும் கேட்டு வரவில்லை. தோட்டத்திலிருந்து ஒரு கை ஏலக்காயைத் தாளில் மடித்துக் கொண்டுவந்திருந்தாள்.

"ஒனக்குத்தான் இப்ப கடையிலயே வாங்க முடியும். இருந்தாலும் வச்சுக்க" என்றாள்.

இருவரும் அடுப்படியில் உட்கார்ந்து காப்பி குடித்தார்கள். கூடத்தில் யாரோ வட்டிக் கணக்கு விளக்கிக்கொண்டிருந்தது கேட்டது.

"நீ என்னாடி செஞ்சிருப்ப, ஒனக்கு விழுந்திருந்தா?" என்று ஒச்சம்மாள் கேட்டாள்.

"நானா? அந்த ஜீப்ப வெலைக்கு வாங்கித் தீ வச்சிருப்பேன்."

இருவரும் சிரித்தார்கள்.

"என் எடத்துல இப்ப யாரு?"

"புதுசா ஒரு பிள்ள வருது, அனுமந்தன்பட்டிக்காரி. ஏறுனதும் எந்தோள்ல தலைய வச்சு உறங்கிருது. எச்சி வடியுது. எழுப்ப மனசு வரல. குமுளி வரைக்கும் அப்பிடியே விட்டுர்றேன்."

ஒச்சம்மாள் டம்ளரைக் கீழே வைத்தாள்.

"என்னாடி?" என்றாள் வீரக்காள்.

"ஒண்ணுமில்ல" என்றாள் அவள்.

திராட்சைத் தோட்டத்துக்குப் பத்திரம் முடிக்க வெள்ளிக்கிழமை நாள் குறித்திருந்தார்கள். ஒச்சம்மாள் பட்டுப்புடவை கட்டி, தலையில் பூ வைத்திருந்தாள். வாசலில் கார் நின்றது.

"நீங்க முன்னால போங்க. சாமியம்மாட்ட ஒரு வார்த்த சொல்லிட்டு ஆட்டோவுல வந்துர்றேன்" என்றாள்.

"வெரசா வா" என்றார் சீனிச்சாமி. "தோட்டக்காரரு வேற ஆளு வச்சிருக்காரு. இன்னைக்கு விட்டா கெடைக்காது."

"வந்துர்றேன்."

ஆட்டோவை மடத்து வாசலில் நிற்கச் சொல்லிவிட்டு உள்ளே போனாள். சாமியம்மா அரிவாள்மணையில் பூசணிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். பட்டுப்புடவையைப் பார்த்தார்.

"சாமியம்மா, எதுக்கு வாங்குனேன்னு தெரிஞ்சு போச்சு. சொல்ல வெக்கமா இருக்கு."

"சொல்லாம விட்டா நிக்கிறது நிக்கும்."

ஒச்சம்மாள் தூணைப் பிடித்துக்கொண்டாள்.

"ஜீப்பு வெள்ளன வந்துரும். அதுக்கு முன்னால எந்திரிச்சு, ஆக்கி எறக்கி, எல்லாருக்கும் மூடி வச்சுட்டு, எனக்கும் தூக்குல போட்டுக்கிட்டு ஓடணும். மானம் விடியாம கறுத்தே கெடக்கும். ஜீப்புல நின்ன வாக்குலயே கண்ணசந்துருவேன். தோட்டத்துல குனிஞ்சு காயெடுக்கையில கண்ணு சொக்கும். அட்ட கடிச்சாக்கூடத் தெரியாது. கங்காணி சத்தம் போடுவாரு. அப்ப நெனச்சுக்குவேன்."

"என்னன்னு?"

"விழுந்துச்சுன்னா, ஒரே ஒரு நா, வெயிலு மூஞ்சியில அடிக்கிற வரைக்கும் உறங்கணும். யாரும் எழுப்பக் கூடாது. அம்புட்டுத்தான். டிக்கெட்ட இடுப்புல சொருகும்போதெல்லாம் அத நெனச்சுத்தான் சொருகுவேன். மகளுக்கு வீடு, மகனுக்குக் கடைன்னு சொன்னதெல்லாம் பொய்யில்ல. ஆனா அது அப்புறம் வந்து சேந்துக்கிட்டது."

சாமியம்மா அரிவாள்மணையைத் திருப்பி வைத்தார்.

"உறங்குனீங்களா?"

"எங்கிட்டு? அதே நேரத்துக்கு முழிப்பு வந்துருது. எந்திரிச்சாத்தான காப்பி ஆகும். முன்னயாச்சும் நாலு பேரு. இப்ப வீடு நெறைய ஆளு."

சாமியம்மா எழுந்து போனார். உள்ளேயிருந்து ஒரு கோரைப்பாயைக் கொண்டுவந்து கூடத்தின் நடுவில் விரித்தார். தலைமாட்டில் ஒரு மணையைப் போட்டு, அதன்மேல் துண்டை மடித்து வைத்தார்.

ஒச்சம்மாள் பாயைப் பார்த்தாள்.

"இப்பவா?"

"வெயில் வந்தாச்சு. இன்னொரு விடியலுக்குக் காத்திருக்க வேணாம்."

"ரிஜிஸ்டர் ஆபீசுல எல்லாரும் நிக்கிறாக."

"ஆமா."

"அவருக்கு அந்தத் தோட்டம்னா உசுரு. அவரு வச்ச கொடி அது."

"தெரியும்."

"இன்னைக்கு விட்டா வேற ஆளுக்குப் போயிரும்."

"சரி."

"நான் என்னா செய்யட்டும் சாமியம்மா?"

சாமியம்மா திரும்பவும் அரிவாள்மணையின் முன் உட்கார்ந்துவிட்டார்.

"பாய் விரிச்சிருக்கு. ஆட்டோவும் நிக்குது."

வெளியே ஆட்டோக்காரர் ஹாரன் அடித்தார். ஒச்சம்மாள் வாசலுக்குப் போனாள். சாமியம்மா தலையை நிமிர்த்தவில்லை. பூசணித் துண்டங்கள் ஒவ்வொன்றாகத் தண்ணீரில் விழுந்தன.

"நீ போப்பா" என்று வாசலில் அவள் சொல்வது கேட்டது.

"எப்ப வரட்டும்மா?"

"தெரியல. கேட்டாகன்னா இங்கன இருக்கேன்னு சொல்லு."

ஆட்டோ திரும்பிப் போனது. ஒச்சம்மாள் உள்ளே வந்தாள். தலையிலிருந்த பூவை எடுத்து விளக்கு மாடத்தில் வைத்தாள். வளையலைக் கழற்றி அதன் பக்கத்தில் வைத்தாள். பாயின் ஓரத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள், யாராவது கூப்பிட்டால் எழுந்துவிடத் தோதாக. யாரும் கூப்பிடவில்லை.

"செத்த நேரந்தான். எழுப்பி விட்டுருங்க" என்றாள்.

"எழுப்ப மாட்டேன்" என்றார் சாமியம்மா.

அவள் சாய்ந்தாள்.

மதியம் சோற்றுக்கு ஆட்கள் வந்தார்கள். அன்று பந்தி வேப்பமரத்தடியில் நடந்தது. ஏன் வெளியே என்று யாரோ கேட்டதற்கு, உள்ளே ஆள் தூங்குது என்றார் சாமியம்மா. வந்தவர்கள் குரலைத் தாழ்த்திக்கொண்டு சாப்பிட்டார்கள்.

பந்தி முடிகிற நேரத்தில் கார் வந்தது. பாண்டீஸ்வரன் முதலில் இறங்கினான். கையில் பத்திரம் வைத்த பை. பின்னால் சீனிச்சாமி, புது வேட்டியில். அவருக்கு முகம் வேர்த்திருந்தது.

"எங்கம்மா எங்க?" என்றான் மகன்.

"உள்ள தூங்குறாங்க."

"தூங்குறாங்களா? ஒடம்பு சரியில்லையா?"

"நல்லாத்தான் இருக்காங்க."

"அங்க காலையிலேருந்து எல்லாரும் காத்துக் கெடக்கோம். ஆபீஸ் சாத்துறதுக்குள்ள கையெழுத்துப் போடணும். எழுப்பி விடுங்க."

"எழுப்ப மாட்டேன்னு அவங்ககிட்டச் சொல்லியிருக்கேன். நீங்க எழுப்புங்க. நான் தடுக்கல."

சீனிச்சாமி மகனை அங்கேயே நிற்கச் சொன்னார்.

"நான் எழுப்பிக் கூட்டியாறேன்."

செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார். ஓட்டுக் கண்ணாடி வழியாக வெயில் ஒரு சதுரமாகத் தரையில் விழுந்து, பாயில் ஏறி, அவள் கன்னத்துக்கு வந்திருந்தது. அவள் ஒருக்களித்துப் படுத்திருந்தாள். கன்னத்துக்குக் கீழே ஒரு கை. இன்னொரு கை விரல்கள் மடங்காமல் பாயில் கிடந்தது. ஏலக்காய்ச் சாறு ஏறிக் கறுத்த நகங்கள். வாய் லேசாகத் திறந்திருந்தது.

"ஒச்சு" என்று கூப்பிட வாயெடுத்தார்.

அவர் தலை சாய்க்கும்போது அவள் பாத்திரம் கழுவிக்கொண்டிருப்பாள். அவர் கண் விழிக்கும்போது சோறு மூடியிருக்கும், ஜீப் போயிருக்கும். பணம் வந்த பிறகும் அவர் விழிக்கையில் தலைமாட்டில் காப்பிதான் இருந்தது.

அவள் தோளைத் தொடுவதற்காகக் குனிந்தவர், அப்படியே கொஞ்ச நேரம் நின்றார். பிறகு சத்தமில்லாமல் பாயின் ஓரமாகத் தரையில் உட்கார்ந்தார்.

சட்டைப்பையில் செல்போன் அதிர்ந்தது. தோட்டக்காரர். வாயைக் கையால் பொத்திக்கொண்டு பேசினார்.

"ஆமாங்கய்யா... இல்லீங்க, இன்னைக்கு வர முடியாதுங்க... தெரியுங்க... குடுக்கிறதுன்னா அவுகளுக்கே குடுத்துருங்கய்யா. நான் ஒண்ணும் நெனச்சுக்க மாட்டேன்."

போனை அணைத்துப் பையில் போட்டார்.

பொறுக்க முடியாமல் பாண்டீஸ்வரன் வாசற்படிக்கு வந்து எட்டிப் பார்த்தான்.

"எழுப்பலையாப்பா?"

சீனிச்சாமி உதட்டில் விரலை வைத்தார். அவனைப் பக்கத்தில் வரச் சொன்னார். அவன் வந்து குனிந்தான்.

"ஏண்டா" என்று மெதுவாகக் கேட்டார், "உங்கம்மா எப்பவும் இப்பிடி ஒருக்களிச்சுத்தான் படுப்பாளா?"

பாண்டீஸ்வரன் அம்மாவைப் பார்த்தான். நெடுநேரம் பார்த்தான்.

"தெரியலையேப்பா" என்றான்.